கடைசிக் குழிக்குப் பின்னால் நிற்பவர்

டெய்லரம்மாவுக்கு கோல்ஃப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. இத்தனூண்டு பந்தை அவ்வளவு நீளக் குச்சியால் அடித்துவிட்டு, வேலைவெட்டி இல்லாமல் அதன் பின்னாலேயே நடந்து போகிறார்கள் என்பதுதான் அவளுடைய கருத்து. ஆனாலும் பெரிய பெரிய கோப்பைகளை வென்ற சாம்பியன்கள் எல்லாம் வருஷா வருஷம் ஊருக்கு விளையாட வரும் அந்த நாலு நாளும் அவள் டிவி முன்னால்தான். தையல் மிஷினையே முன்னறைக்கு இழுத்துப் போட்டுவிடுவாள்.

காரணம், அவள் வீட்டுக்காரர். கோல்ஃப் மைதானத்தில் புல் வெட்டுகிற வேலை அவருக்கு. போட்டி நாட்களில் மட்டும் புல் வெட்டும் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, 'அமைதி' என்று எழுதிய பலகையோடு கடைசிக் குழிக்குப் பின்னால் நிற்க வேண்டும். ஆட்டக்காரர் பந்தைத் தட்டக் குனிந்ததும் இவர் பலகையைத் தூக்குவார். அத்தனை கூட்டமும் கப்சிப் என்று ஆகிவிடும்.

"வீட்டுல நான் பேசினா ஒருத்தரும் கேக்கறதில்ல. அங்க நான் பேசாமலே எல்லாரும் கேக்கறாங்க" என்று சொல்லிக்காட்டுவார்.

உள்ளதைச் சொன்னால், அவர் பலகையைத் தூக்கியதும் அவளும் மிஷின் மிதியிலிருந்து காலை எடுத்துவிடுவாள். இதை மட்டும் அவரிடம் சொன்னதே இல்லை.

அவருக்கு வயிற்றுப்புண். நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் சுருண்டுவிடுவார். வேலை என்று வந்துவிட்டாலோ சாப்பாடே மறந்துபோகும். அதனால் முதல் வருஷமே அவள் கறாராகச் சொல்லிவிட்டாள்: "சாப்பிட்டாச்சுன்னா வயித்துல ரெண்டு தட்டு தட்டுங்க. டிவில நான் பார்த்துக்கறேன்."

"போடி, உலகமே பார்க்கும். என்ன நினைப்பாங்க?"

"ஆமா, உலகம் உங்க வயித்தைத்தான் பார்க்கப் போகுதாக்கும்!"

பார்க்கவில்லைதான். சாம்பியன் குனிவார், வர்ணனையாளர் குரலைத் தாழ்த்திக் குசுகுசுவென்பார், பின்னால் ஒரு கையில் பலகையோடு நிற்கும் பச்சைச் சட்டைக்காரர் மறு கையால் வயிற்றில் இரண்டு தட்டு தட்டுவார். அப்புறம்தான் இவளுக்கு உயிரே வரும். ஒரு தடவை அப்படித் தட்டிவிட்டு, சாயங்காலம் சாப்பாட்டு டப்பாவைத் தொடாமல் அப்படியே திருப்பிக் கொண்டுவந்தார்.

"உலகம் பூரா பார்க்கப் பொய் சொன்ன ஒரே ஆளு நீங்கதான்!" என்று பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள். மனுஷன் திருதிருவென்று முழித்தார். அந்த முழியை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். கூடவே கண்ணும் நிறைந்துவிடும்.

அவர் காலமான பிறகு வரும் முதல் போட்டி இது.

காலையிலேயே மகள் போன் செய்தாள். "அம்மா, இந்த வருஷம் டிவி போடாதம்மா. அந்த இடத்துல வேற யாராவது நிப்பாங்க. உன்னால தாங்க முடியாது."

"நான் எதுக்குப் போடறேன்? எனக்குத் தலைக்கு மேல வேலை கிடக்கு."

மிஷின் பின்னறையிலேயே இருந்தது. யார் வீட்டுத் திரைச்சீலையையோ தைத்தாள். தையல் கோணியது. பிரித்துத் தைத்தாள், மறுபடியும் கோணியது. காலையில் போட்ட டீ ஆடை கட்டிக் கிடந்தது. சாப்பிடவும் தோன்றவில்லை. அந்த இடத்தில் யாருமே நிற்காமல் இருந்தால் தேவலை என்றிருந்தது. வேறொருவர் அங்கே நின்று, கூட்டமும் அதேபோல அவருக்கு அடங்கிப்போனால், தன் மனுஷன் அங்கே நின்றதே இல்லை என்றாகிவிடாதா? அதுதான் அவளுடைய பயம். ஆனால் பார்க்காமல் இருப்பது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. பொறுக்கமாட்டாமல் எழுந்து போய் டிவியைப் போட்டாள்.

கடைசிக் குழிதான். தலை நரைத்த சாம்பியன் ஒருவர் குத்தவைத்துப் புல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் பலகையோடு நின்றது நெட்டை. வீட்டுக்காரரோடு கூடவே புல் வெட்டியவன், பெண்டாட்டி பிள்ளை இல்லாத ஒண்டிக்கட்டை. சாவு வீட்டில் ஒரு வார்த்தை பேசாமல், வருகிறவர்களுக்கெல்லாம் நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தவன்.

"நீயாப்பா?" என்றாள் டிவியைப் பார்த்து.

சாம்பியன் எழுந்து குனிந்தார். நெட்டை பலகையைத் தூக்கினான். கூட்டம் அடங்கியது. அவனுடைய மறு கை, கூச்சப்பட்டுக்கொண்டே மேலே வந்து, வயிற்றில் இரண்டு தட்டு தட்டியது.

டிவியில் அவனைப் பார்க்க அவன் வீட்டில் ஆள் கிடையாது. அது யாருக்கு என்று அவளுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது.

"அட, இந்த மனுஷனைப் பாரேன்!" என்று சுவரிலிருந்த வீட்டுக்காரர் படத்தின் பக்கம் திரும்பினாள். "யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! இன்னும் எத்தனை பேர்கிட்ட சொல்லி என் மானத்தை வாங்கினீங்க?" திட்டத் திட்ட அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டாள். பந்து குழிக்குள் விழுந்ததா இல்லையா என்று அவள் கவனிக்கவில்லை.

கூட்டம் ஆரவாரித்து ஓய்ந்த பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். பலகையை இறக்கிவிட்டு, நெட்டை அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தான்.

"நான் இன்னும் சாப்பிடலப்பா" என்றாள் அவனிடம். "இரு, இதோ சாப்பிடறேன்."

அடுப்படிக்குப் போய்த் தட்டைக் கழுவி எடுத்தாள்.