மன்னாரிலிருந்து மீட்டு வந்த கப்பல்

போன கிழமை அடுப்பில் சூடை மீன் பொரிந்துகொண்டிருந்தபோது, மகள் போனைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் வந்தாள். "உம்மா, இந்த ஆமிக்காரங்க படங்களைக் களவெடுக்கிறாங்களா, களவு போனதைத் தேடுறாங்களா?" எட்டிப் பார்த்தேன். இரும்புத் தொப்பி போட்ட வெள்ளைக்காரர்கள் ஒரு உப்புச் சுரங்கத்துக்குள்ளிருந்து ஓவியங்களைத் தூக்கி வருகிறார்கள். மீனைத் திருப்ப மறந்துபோனேன். என் மூத்த சகோதரர், எங்கள் நானாவைப் பைத்தியமாக்கிய சினிமாவல்லவா அது!

அப்போது யுத்தம் முடிந்து சில வருஷங்கள். நான் புத்தளம் டவுனில் ஒரு கொமியூனிக்கேஷன் கடையில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். என் தமிழில் எழுத்துப் பிழை அதிகம். வேலை போகாதது முதலாளியின் பெருந்தன்மை. நானா உப்பளத்தில் வேலை. ஒருநாள் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து சீடி கடையில் அந்தப் படத்தை வாங்கி வந்தார். வெள்ளைக்காரர்கள் மதராஸ் தமிழில் "டேய்" போட்டுப் பேசினார்கள். யார் யாருடைய சாமானை எடுத்தார்கள், யாருக்குத் திருப்பிக் கொடுக்கிறார்கள் என்று எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. நானாவின் கவலை வேறு.

"உப்புக்குள்ள வச்ச படம் ஒரு மாரிக்குத் தாங்குமா? பொய் சொல்றானுகள்."

"அது வெள்ளைக்கார உப்பு மகன்," என்றார் உம்மா.

படம் முடிந்ததும் நானா சீடியைக் கழற்றி உறைக்குள் போட்டார். "நம்மட கப்பல் இப்ப எங்க கிடக்குதோ," என்றார்.

எங்கள் வாப்பா மன்னாரில் வள்ளங்களுக்குப் பெயர் எழுதுகிறவர். மிஞ்சிய பெயின்றில், தான் முன்பு எழுதிய ஒரு பழைய கடைப் பலகையின் பின்பக்கத்தில், பாய்க்கப்பல் ஒன்று கீறி முன்னறையில் மாட்டியிருந்தார். தொண்ணூறில் முஸ்லிம்கள் எல்லோரையும் வெளியேறச் சொல்லி இயக்கம் அறிவித்தபோது உடுப்போடுதான் வந்தோம். எனக்கு ஆறு வயது, நானாவுக்குப் பதினாலு. புத்தளம் பக்கம் குறிஞ்சிப்பிட்டியில் கிடுகுக் கொட்டில் போட்ட மறு வருஷம் வாப்பா மவுத்தாகிவிட்டார். அவருடைய படமென்று ஒரு போட்டோகூட இல்லை. அந்தப் பலகை ஒன்றுதான் அவர் கைபட்ட சாமான்.

நானா இரண்டு தரம் மன்னாருக்குப் போய் விசாரித்தார். மூன்றாம் தரம் என்னையும் கூட்டிப் போனார். சாட்சிக்காம். எங்கள் வீட்டில் கூரை இல்லை, கதவு நிலையும் இல்லை. இரண்டு ஒழுங்கை தள்ளி ஸ்டெல்லா என்றொரு அக்காவின் வீட்டில் கப்பல் படம் இருப்பதாக யாரோ சொல்லியிருந்தார்கள்.

போகும் வழியெல்லாம் நானா பேசவேண்டியதை ஒத்திகை பார்த்தார். அந்தப் படத்துத் தளபதியைப் போலத்தான் படலையைத் தட்டினார். திறந்தவர் நரைத்துப்போன மெலிந்த மனுசி. அவருக்குப் பின்னால் சுவரில் கப்பல் இருந்தது. பாயில் ஒரு ஓட்டை.

நானா தொண்டையைச் செருமினார். "அக்கா, அது எங்கட வாப்பா கீறினது."

மறுப்பார், சண்டை வரும் என்று நினைத்து நான் நானாவின் சேட்டுக் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த அக்காவோ கதிரையைத் துடைத்து எங்களை இருக்கச் சொன்னார்.

"ஆரோ ஒருநாள் வருவீங்கள் எண்டு தெரியும் தம்பி. என்ரை மனுசன்தான் கொண்டு வந்தவர். காசு குடுத்து வாங்கினது எண்டவர். பொய் எண்டு எனக்கு விளங்கினது. நான் ஒண்டும் கேக்கேல்லை."

தேத்தண்ணி வந்தது. நானா ஒத்திகை பார்த்த எந்த வசனத்துக்கும் அங்கே இடமிருக்கவில்லை.

"இடம்பெயர்ந்து போகேக்க இதையும் ட்ரக்டரில ஏத்தினது. பங்கருக்கு மேல இதை வச்சுத்தான் மண்மூட்டை அடுக்கினனாங்கள். படப் பக்கம் கீழ. ஷெல் விழேக்க என்ரை ரெண்டு பிள்ளையளும் மல்லாந்து கிடந்து கப்பலைப் பாத்துக்கொண்டிருப்பினம். அந்த ஓட்டை அப்ப வந்தது. பிள்ளையளுக்கு ஒண்டும் நடக்கேல்லை. மனுசன்தான் வெளியில நிண்டவர்."

அவர் அழவில்லை. ஸ்டூலில் ஏறிக் கப்பலைக் கழற்றித் தூசு தட்டி, இடுப்பில் உடுத்தும் சாரம் ஒன்றால் சுற்றிக் கட்டினார். நானா வேண்டாமென்று சொல்வார் என்று பார்த்தேன். நானா நான் சொல்வேன் என்று பார்த்தாராம். இருவரும் சொல்லவில்லை. தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

பஸ்ஸில் பலகையை மடியில் வைத்துக்கொண்டு, "நானா, நம்மட கப்பல் ஜன்னல் பக்கம் பார்த்தெல்லோ நிண்டது? இது மற்றப் பக்கம் போகுது," என்றேன்.

"உனக்கு ஆறு வயசு. நீ என்னத்தைக் கண்ட?" என்று பாய்ந்தார். ஆனால் சாரத்தை விலக்கி ஒருதரம் பார்த்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் நான்தான் வாயடங்காமல் உம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பங்கர், பிள்ளைகள், அந்த மனுசன், எல்லாம். பிறகுதான் நானா சாரத்தை அவிழ்த்தார். உம்மா கிட்டே வந்து விரலால் அலைகளைத் தடவினார். வெகுநேரம் தடவினார்.

"இது உங்கட வாப்பா கீறினதில்லை. அவருக்கு அலை இவ்வளவு வடிவா கீற வராது."

"உம்மா, பின்னால பாருங்க! கடைப் பலகை. அந்த 'ழ' வாப்பாட எழுத்து."

"எல்லார்ட 'ழ'வும் அப்படித்தான் இருக்கும். யாருடையதோ. கொண்டு போய்க் குடுத்துட்டு வா."

அடுத்த ஞாயிறு நானா அதே சாரத்தில் அதைச் சுற்றிக்கொண்டு மன்னாருக்குப் போனார். ஸ்டெல்லா அக்காவின் வீடு பூட்டியிருந்ததாம். மகனோடு இந்தியாவுக்குப் போய்விட்டார் என்றார்கள் சிலர். மகள் வீட்டுக்கு என்றார்கள் வேறு சிலர். எந்த ஊரென்று ஒருவருக்கும் தெரியவில்லை. பொழுதுபட நானா பலகையோடு திரும்பி வந்தார். உம்மா அதை வாங்கிச் சுவரில் சாய்த்து வைத்தார். அதற்குப் பிறகு வீட்டைக் கூட்டும்போது அதையும் துடைப்பார்.

உம்மாவுக்கு நிஜமாகவே அது வாப்பாவின் கப்பலாகத் தெரியவில்லையா, அல்லது அந்தப் பிள்ளைகளின் கதையைக் கேட்டதால் அப்படிச் சொன்னாரா? கேட்க நினைத்து நினைத்தே வருஷங்கள் போய்விட்டன. உம்மா மவுத்தாகி இப்போது நாலாவது வருஷ நோன்பு. சீடி கடை இருந்த இடத்தில் போன் கவர் விற்கிறார்கள். நானா கட்டாரில். கதை எடுத்தால் சம்பளமும் வெயிலும்தான். மன்னாரில் அந்த ஒழுங்கையையே அகலத் தெருவாக்கிவிட்டார்களாம்.

பலகை என் வீட்டில் இருக்கிறது. வருகிறவர்கள் யார் கீறியது என்று கேட்பார்கள். வாப்பா என்று சொல்வேன். சில நாட்களில், தெரியாது என்றும் சொல்லிவிடுகிறேன்.