அம்சாவின் கடைவாய்ப் பல்

உள்ளங்கையில் கொட்டிய நெல்லில் ஒன்றே ஒன்றைப் பொறுக்கி இடது கடைவாயில் வைக்கிறாள் அம்சா. கண் எங்கோ தைலமரத் தோப்பைப் பார்க்கிறது. தாடை மட்டும் ஒருமுறை அழுந்துகிறது. 'டக்'கென்று ஒடிந்தால் தலையாட்டுவாள். சத்தமில்லாமல் நசுங்கினால் உமியைத் துப்பிவிட்டு, "இன்னொரு வெயிலு காட்டிக்கினு வாக்கா" என்பாள். அதற்குமேல் ஒரு வார்த்தை வராது.

முசரவாக்கத்துக்குப் போகும் வழியில், அறுவடைக் காலத்தில் மட்டும் திறக்கிற நெல் கொள்முதல் நிலையம் அது. அங்கே அம்சாவின் வேலை களம் கூட்டுவதும், நெல் தூற்றுவதும், மூட்டையின் வாயைச் சணலால் தைப்பதும்தான். ஈரம் பார்க்க மெஷின் இருக்கிறது. பதினேழு சதவீதத்துக்கு மேல் காட்டினால் நெல் திரும்பிப் போகும். ஆனாலும் வரிசையில் நிற்பவர்கள் முதலில் அம்சாவிடம்தான் ஒரு பிடி நெல்லை நீட்டுகிறார்கள். முதல் வருஷம் சிரித்த எழுத்தர் சீனிவாசன், இப்போது மெஷினுக்கு பேட்டரி மாற்றியதும், "அம்சா, இது சரியா சொல்லுதான்னு பாரும்மா" என்று கூப்பிடுகிறார்.

கொள்முதல் முடியும்வரை அவள் வெற்றிலை போடமாட்டாள். டீயை ஆறவைத்துத்தான் குடிப்பாள். வலது கடைவாய்ப் பல் போன வருஷமே போய்விட்டது. பெரிய காஞ்சிபுரத்துப் பல் டாக்டர், "பல்லு சோறு மெல்லத்தாம்மா இருக்குது" என்று கடிந்துகொண்டார். "நானும் அதத்தான சார் மென்னுக்கினு இருக்கேன். இன்னும் வேகல, அவ்ளோதான்" என்றாள்.

மகள் திரிஷா கல்லூரியில் பொருளாதாரம் படிக்கிறாள். ஒருநாள் சத்தம்போட்டுப் படித்துக்கொண்டிருந்தவள், நாட்டு வருமானத்தில் விவசாயத்தின் பங்கு ஐந்தில் ஒன்றுகூட இல்லை என்றாள். தோசை திருப்பிக்கொண்டிருந்த அம்சா, "அப்ப மீதி நாலு பங்கும் மத்தியானம் சாப்புடாதா?" என்று கேட்டாள். சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் கப்பலில் வருகிறது என்று மகள் அடுத்த வரியைப் படித்தபோது தோசைக்கரண்டி அப்படியே நின்றது. "மல்லாட்ட வெளையற ஊருல கப்பல் எண்ணெயிலயா நான் தோச சுட்டுக்கினு இருக்கேன்?" அன்றைக்கே முடிவுசெய்துவிட்டாள், ஆடியில் வேர்க்கடலை போடுவதென்று.

போடுவதற்கு நிலம் வேண்டும். அவள் வீட்டில் தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் வயலில் அறுத்தவர்கள்தான். தன் நெல் என்று எவரும் குவித்ததில்லை. இந்தப் போகம்தான், பட்டு நெய்கிற வீரபாகுவின் ஒரு ஏக்கரை முதன்முதலாகக் குத்தகைக்கு எடுத்தாள். "மொதல்ல இந்த நெல்லு நல்லபடியா போவட்டும்மா, ஆடிக்கு நெலம் உடறத பத்தி அப்பறமா பேசலாம்" என்றிருந்தார் அவர். அறுத்தது முப்பது மூட்டை. நிலையம் மூட இரண்டு நாள் இருக்கையில் அவள் முறை வந்தது. அன்று காலையிலேயே மேற்கே கோடை மழைக்கான கருக்கல் கட்டியிருந்தது.

முந்தின நாள்தான் கலையரசியின் நெல்லைக் கடித்துவிட்டு, "இன்னொரு வெயிலு" என்று சொல்லியிருந்தாள். கலையரசி அதே ஊர்க்காரி, வாய்க்காரி. "உன் பல்லு இன்னா கவுருமெண்டு பல்லா? நாளைக்கி உன் நெல்லு வரட்டும், பாத்துக்கறேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே நெல்லைக் களத்தில் பரப்பினாள். இன்றைக்கு வரிசையில் அம்சாவுக்கு அடுத்து அவள்தான்.

சீனிவாசன் மூன்று மூட்டையில் குத்தூசி போட்டு நெல் எடுத்தார். மெஷின் பதினாறு புள்ளி ஆறு காட்டியது. அவர் பேனாவை எடுத்தார். அம்சாவின் பார்வை, ஓரமாக நின்றிருந்த கணவன் சிட்டிபாபுவின் ஆட்டோவில் மடித்துவைத்திருந்த கறுப்பு ரெக்ஸின் விரிப்பின் மேல் விழுந்தது.

"இன்னாயா இது? இத எங்க போட்ட?"

"ராத்திரி பனி எறங்கும்னு ஓரத்து நெல்லுமேல மூடுனேன். இன்னாத்துக்கு கேக்குற?"

"சூட்டோட மூடுனியா?"

சிட்டிபாபு தலையைச் சொறிந்தான். வெயிலில் காய்ந்த நெல்லை ஆறவிடாமல் ரெக்ஸினால் மூடினால் உள்ளே வேர்த்துவிடும். ஆட்டோக்காரனுக்கு மழையும் பனியும்தான் தெரியும், நெல்லின் வேர்வை தெரியாது. அம்சா கடைசி வரிசையில் ஒரு மூட்டையைக் குத்தி, ஒரு நெல்லைக் கடித்தாள். சத்தமே இல்லை.

"எந்தெந்த மூட்டைல ஓரத்து நெல்லு போட்ட?"

"இன்னாத்த கண்டேன்? எல்லாம் கலந்துதான் கட்டுனேன்." குரலைத் தாழ்த்தினான். "மெஷினே சரின்னுது. வானத்தப் பாருடி. உனுக்கு இன்னா வந்துச்சு?"

அவள் வானத்தைப் பார்த்தாள். பிறகு அவனை.

"ஈரத்தோட ஒரு மூட்ட குடோனுக்குப் போனா, பக்கத்துல இருக்கற பத்து மூட்டையும் சூடேறும்யா. எந்த ஊரு ரேஷன் கடையிலயோ ஒருத்தி அரிசிய மோந்து பாத்துட்டு மூஞ்ச சுளிப்பா. எறக்கு."

முப்பது மூட்டையையும் அவிழ்த்துக் களத்தில் கொட்டினார்கள். சீனிவாசன் பேனாவை மூடிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். கலையரசியின் நெல் முதல் குத்திலேயே தேறியது. அவள் வீட்டுக்குப் போகவில்லை. செருப்பைக் கழற்றிப்போட்டுவிட்டு அம்சாவின் நெல்லில் இறங்கி, காலாலேயே கிளறத் தொடங்கினாள். "பல்லு பேசுனா பத்தாதும்மா, காலும் பேசணும்" என்று ஒரு குத்தல். அம்சாவுக்குச் சிரிப்பு வந்தது; சிரிக்க நேரமில்லை. இரண்டு பேருமாக மத்தியானம் முழுக்க நெல்லைப் புரட்டினார்கள். மேகம் அங்கேயே நின்று யோசித்துக்கொண்டிருந்தது.

நாலு மணிக்குக் காற்று மாறியது. அவசர அவசரமாக அள்ளிக் கட்டினார்கள். சீனிவாசன் இந்தமுறை பத்து மூட்டையில் குத்திப் பார்த்தார். "பதினாறு புள்ளி ரெண்டு. போதுமாம்மா?" என்று பேனாவைத் திறந்தார்.

அம்சா மெஷின் பக்கம் திரும்பவில்லை. கடைசி வரிசை மூட்டையிலிருந்து ஒரு நெல்லை எடுத்தாள். வழக்கம்போல் அது அவள் வாய்க்குப் போகவில்லை. உள்ளங்கையில் வைத்து, தூசி படிந்த கையை அப்படியே கலையரசியின் முன்னால் நீட்டினாள்.

"நீ கடிச்சி சொல்லுக்கா."