இடது புருவத்துத் தழும்பு

எங்கள் தாமான் குடியிருப்பில் பழைய மாநிலக் காற்பந்து ஆட்டக்காரர்கள் சிலருக்கு மதிய விருந்து வைத்து மாலை போடுவதென்று முடிவானது. அவர்களை வீட்டிலிருந்து அழைத்துவர கார் உள்ளவர்கள் பெயர் கொடுத்தோம். எனக்குக் கிடைத்தவர் பெக்கான் நானாஸில் இருக்கும் ஒரு தற்காப்பு ஆட்டக்காரர். அப்பாவிடம் சொன்னதும் அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

தாத்தா அன்னாசித் தோட்டத்தில் வேலை பார்த்த காலத்தில், அந்த ஆட்டக்காரரின் படத்தைப் பத்திரிகையிலிருந்து வெட்டி சாமிப் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தாராம். ஆட்டம் இருந்தால் தாத்தாவும் அப்பாவும் லாரியில் தொற்றிக்கொண்டு ஜொகூர் பாருவுக்குப் போய்விடுவார்கள். இதெல்லாம் நான் கேட்டு வளர்ந்த கதை. அதனால் சந்தோஷத்தில்தான் முகம் அப்படி ஆனது என்று நினைத்தேன்.

"நானும் வரேன்மா" என்றார்.

சனிக்கிழமை காலை கெலாங் பாத்தாவிலிருந்து கிளம்பினோம். அந்த ஆட்டக்காரப் பெரியவர் தன் வீட்டு வாசலிலேயே தயாராக நின்றார். எழுபதைத் தாண்டிய வயது, நெடுநெடுவென்ற உயரம், தேய்த்த வெள்ளைச் சட்டை. அப்பா "வணக்கம்ண்ணே" என்று சொல்லி, முன் இருக்கையை அவருக்கு விட்டுவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்தார்.

ஏதாவது பேச வேண்டுமே என்று நான்தான் ஆரம்பித்தேன். அவருடைய இடது புருவத்தைப் பிளந்துகொண்டு ஒரு தழும்பு இருந்தது.

"ஆட்டத்துல பட்டதா அங்கிள்?"

"ஆட்டத்துல இல்லம்மா, பஸ்ஸுல. அரையிறுதி ஆட்டம். நான் பண்ண தப்புல பெனால்டி போய் தோத்துட்டோம். பஸ் திடலை விட்டு வெளிய வருது, நம்ம ஆளுங்களே கல்லு விட்டாங்க. ஜன்னல் ஒடஞ்சு கண்ணாடி கண்ணுகிட்ட ஏறிடுச்சு. ஆறு மாசம் ஆடல. தேசியக் குழுவுக்குக் கூப்பிட்டு அப்பதான் லெட்டர் வந்திருந்துச்சு. அப்புறம் கூப்பிடவே இல்ல."

சொல்லிவிட்டுச் சிரித்தார். பல தடவை சொல்லிப் பழகிய சிரிப்பு. நானும் சிரிக்கப் போனவள், காரின் முன்கண்ணாடிக்கு மேலிருந்த சிறு கண்ணாடியில் அப்பாவைப் பார்த்தேன். முழங்கால்களை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார்.

மண்டபத்தில் அப்பா சாப்பாட்டைத் தொடவே இல்லை. நான் கை கழுவப் போனபோது பின்னாலேயே வந்து மணிக்கட்டைப் பிடித்தார்.

"அந்தக் கல்லு நான் விட்டதும்மா."

எனக்கு முதலில் புரியவில்லை.

"எனக்கு அப்போ பதினேழு வயசு. எல்லாரும் கத்திக்கிட்டு இருந்தாங்க, கல்லு விட்டது நான் மட்டும்தான். அவருக்குப் பட்டுச்சுன்னு மறுநாள் பேப்பர்ல பார்த்தேன்."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது. இப்ப அவருகிட்ட சொல்லிடப் போறேன்."

"ஐயோ, இங்க வேணாம்பா. அவருக்கு மாலை போடப் போறாங்கல்ல. நல்ல நாளைக் கெடுத்துடாதீங்க."

அப்பா தலையாட்டினார். ஆனால் மாலை போட்டு முடிந்ததும், ரசிகர்கள் யாராவது இரண்டு வார்த்தை பேசலாம் என்று சொல்லி, யாரோ மைக்கைக் கொண்டுவந்து அப்பா கையிலேயே கொடுத்துவிட்டார்கள். அப்பா எழுந்தார். மேடையிலிருந்து பெரியவர் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கப்பா உங்க படத்த..." என்றார் அப்பா. அதற்கு மேல் வரவில்லை. மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று நினைத்து எல்லாரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை.

திரும்பும்போது நல்ல மழை. வைப்பரை வேகமாக ஓடவிட்டும் முன்னால் போகும் லாரி சரியாகத் தெரியவில்லை. அப்பா வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டால் போதும், இது இப்படியே முடிந்துவிடும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் பின்னாலிருந்து குரல் வந்தது.

"அண்ணே, அந்த பஸ்ஸு மேல கல்லு விட்டது நான்தான்."

பெரியவர் திரும்பவில்லை. ரோட்டைப் பார்த்தபடியே, "காரை நிறுத்தும்மா" என்றார்.

அடுத்து வந்த பெட்ரோல் எண்ணெய் நிலையத்தில் நிறுத்தினேன். பெரியவர் இறங்கிப் போய்க் கூரைக்கடியில் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். அப்பா கதவைத் திறக்கப் போனார். "உக்காருங்கப்பா" என்று அதட்டினேன். அப்பாவிடம் நான் அப்படிப் பேசியது அதுவே முதல் தடவை. பெரியவர் டாக்சி கூப்பிட்டுப் போய்விடுவார் என்றே நினைத்தேன். கால் மணி நேரம் இருக்கும். திரும்பி வந்து அதே முன் இருக்கையில் உட்கார்ந்தார்.

"எதுக்கு விட்டீங்க?"

"எங்கப்பா அழுதாரு. அவரு அழுது நான் பார்த்ததே இல்ல."

"நானும் அன்னிக்கு பஸ்ஸுல அழுதுக்கிட்டுதான் இருந்தேன்" என்றார் பெரியவர்.

அவர் வீட்டு வாசல் வந்தது. மழை விட்டிருந்தது. மாலை இருந்த பையைத் தூக்கித் தர அப்பா இறங்கினார். பெரியவர் தானே எடுத்துக்கொண்டார். கேட்டைப் பிடித்தபடி அப்பாவிடம் சொன்னார்:

"நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாம் தம்பி. இத்தனை வருஷமா எனக்கு அது யாரோ ஒருத்தன். அவனுக்கு மூஞ்சி கிடையாது. கோவமும் போயிடுச்சு. இப்ப உங்க மூஞ்சி வந்து நிக்குது."

அப்பா கை கூப்பினார். அவர் பதிலுக்குக் கூப்பவில்லை. என்னிடம் மட்டும், "பார்த்து ஓட்டிக்கிட்டுப் போம்மா, ரோடு ஈரமா இருக்கு" என்றார்.

வீடு வரும்வரை நான் அப்பாவைத் திட்டிக்கொண்டே வந்தேன். யாருக்காகச் சொன்னீங்க, அவருக்காகவா உங்களுக்காகவா என்று கேட்டேன். "எனக்காகத்தான்" என்றார். அன்று சாயங்காலமே அம்மாவிடமும் அவரே சொல்லிவிட்டார்.

தீபாவளிக்கு அம்மா கொடுத்த பலகாரத்தோடு நான் மட்டும் பெக்கான் நானாஸ் போனேன். பெரியவர் டப்பாவை வாங்கிக்கொண்டு உட்காரச் சொன்னார். பிள்ளைகள், வேலை என்று என்னென்னவோ விசாரித்தார். அப்பாவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நான் செருப்பை மாட்டும்போதுதான் சொன்னார்.

"அப்பாவை வரச் சொல்லும்மா. ஆனா இந்த மாசம் வேணாம். நான் போன் பண்ணிச் சொல்றேன்."

அப்பாவிடம் அதை அப்படியே சொன்னேன். "எப்போ சொல்றேன்னாரு?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். அதன் பிறகு எந்தப் புது எண்ணிலிருந்து என் போனுக்கு அழைப்பு வந்தாலும், பார்த்துக்கொண்டிருக்கும் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிடுகிறார்.