பதிவு சபிதாவின் பெயரில்

டிரோன் வந்த அன்று சபிதா அதைப் பறக்கவிடவில்லை. பெட்டியைப் பிரித்தாள், இறக்கைகளைத் தடவிப் பார்த்தாள், பழையபடி உள்ளே வைத்து மூடினாள். பக்கத்தில் நின்ற தம்பி ஸ்ரீஜித்துக்குப் பொறுக்கவில்லை.

"என்னக்கா, சார்ஜ் போட்டு மேல விடாம பூசையா பண்ணப் போற?"

"மொதல்ல பதிவு பண்ணணும்லே. நம்பர் வாங்கி இதுல ஒட்டணும்."

"கால் கிலோ கூட இல்லாத சாதனம். இதுக்குப் போயி நம்பரா?"

"சின்னதுன்னா லைசென்ஸ் வேண்டாம், அவ்வளவுதான். பதிவு வேணும்."

தக்கலையில் ஒரு தனியார் மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் சபிதாவுக்கு வேலை. ஒரு குப்பியில் பெயர் மாறி ஒட்டினால் ஓர் உயிருக்கே ஆபத்து என்று தெரிந்த வேலை. எதையும் சரிபார்த்துச் செய்வது அவளுக்குக் கையோடு வந்த பழக்கமாகிவிட்டது. அரசின் இணையதளத்தில் ஆதார் விவரங்களைக் கொடுத்துப் பதிவு செய்தாள். எண் கிடைத்ததும் அச்சடித்து டிரோனின் வயிற்றில் ஒட்டினாள். எங்கே பறக்கலாம் என்று காட்டும் வரைபடத்தைக் கைப்பேசியில் திறந்து ஸ்ரீஜித்தையும் கூப்பிட்டுக் காட்டினாள். பச்சை என்றால் நானூறு அடி வரை கேட்காமல் பறக்கலாம். மஞ்சள் என்றால் விமானக் கட்டுப்பாட்டு அறையின் அனுமதி வேண்டும். சிவப்பில் மத்திய அரசைக் கேட்காமல் பறக்கவே கூடாது. எந்த இடத்திலும் கண்ணுக்குத் தெரியும் தூரத்தைத் தாண்டக் கூடாது.

அவளுடைய ஊரான இரணியலைச் சுற்றி எல்லாம் பச்சை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு குளம் குளமாகப் போவாள். தினமும் பேருந்தில் கடக்கும் குளங்கள்தான். மேலிருந்து பார்க்கும்போது அவற்றுக்கு வேறு முகம். ஆகாயத்தாமரை மூடிய ஒன்று, தாமரை பூத்த ஒன்று, நடுவில் ஒரு தென்னை சாய்ந்து கிடக்கும் ஒன்று. முப்பத்தாறு வயதில், யாருக்காகவும் இல்லாமல் தனக்காக மட்டும் அவள் செய்த முதல் காரியம் அது.

ஸ்ரீஜித் ஃபயர் அண்ட் சேஃப்டி படித்தவன். கத்தாரில் ஒரு கம்பெனியில் வேலை உறுதியாகியிருந்தது. போலீஸ் நற்சான்றிதழ் மட்டும் வரவேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவளிடம் வந்து நின்றான்.

"அக்கா, நாளைக்குக் களியக்காவிளையில எனக்க கூட்டுக்காரன் ஜெபிஷுக்க புது வீடு பாலுகாய்ச்சு. மேல நின்னு ஒரு வீடியோ எடுத்துக் குடுக்கலாமுன்னு பாக்கேன். டிரோன தருவியா?"

சபிதாவுக்கு அந்த வாரப் பத்திரிகைச் செய்தி நினைவில் இருந்தது. சனிக்கிழமை டெல்லியிலிருந்து ஒரு பெரிய தலைவர் குளச்சல் துறைமுகத்துக்கு வருவதால், அந்தப் பகுதி முழுவதும் தற்காலிகச் சிவப்பு மண்டலம் என்று மாவட்டக் காவல்துறை அறிவித்திருந்தது.

"குளச்சல் பக்கம் போவப்பிடாது, கேட்டியா? பொம்மை டிரோன் கூட பறத்தப்பிடாது."

"களியக்காவிளை எங்க, குளச்சல் எங்க? நீ பேசாம இரிக்கா."

கொடுத்தாள். மறுநாள் அவளுக்குப் பகல் டூட்டி. இரவு அவன் வெறுங்கையோடு வந்தான். டிரோன் ஜெபிஷிடம் இருக்கிறது, படத்தை இறக்கிவிட்டுத் தருவான் என்றான். அதையும் நம்பினாள்.

திங்கட்கிழமை அவள் நோயாளி ஒருவருக்கு ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தபோது குளச்சல் காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. துறைமுகத்தில் ஏலக்கூடத்தின் தகரக் கூரைமேல் ஒரு டிரோன் விழுந்து கிடந்ததாம். வயிற்றில் ஒட்டியிருந்த எண்ணைக் கணினியில் தட்டிப் பார்த்ததில் அவளுடைய பெயரும் வீட்டு விலாசமும் வந்ததாம். உடனே வரவேண்டும்.

ஸ்ரீஜித்தை அழைத்தாள், எடுக்கவில்லை. அம்மா சண்முகவடிவும் எடுக்கவில்லை. அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டுப் பேருந்து பிடித்தாள். நிலையத்துக்குள் நுழைந்ததும் பெஞ்சில் அம்மாவும் தம்பியும் உட்கார்ந்திருப்பதைக் கண்டாள். அப்பாடா என்றிருந்தது. தனக்காக முன்கூட்டியே வந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தாள்.

உதவி ஆய்வாளர் நிதானமான மனிதர். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"ஏம்மா, நம்பர் எல்லாம் ஒழுங்கா வாங்கியிருக்கீங்க. தடை போட்டிருக்கிற அன்னைக்குப் போயி பறக்க விட்டிருக்கீங்களே?"

"நானா சார்?"

"ஒங்க தம்பி காலையிலயே வந்து எல்லாம் சொல்லிட்டார். நீங்கதான் விட்டீங்க, அவர் எவ்வளவோ தடுத்தும் கேக்கலன்னு."

சபிதா திரும்பினாள். ஸ்ரீஜித் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா சொல்லிவிடுவாள். சனிக்கிழமை காலையில் அவளுக்குச் சோறு கட்டிக் கொடுத்து மருத்துவமனைக்கு அனுப்பியதே அம்மாதான்.

சண்முகவடிவு மகனின் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். "ஆமா சாரே. இவளுக்குத்தான் அதுல பைத்தியம். ஞாயித்துக்கெழமை ஆனா அதும் கொண்டு எறங்கிருவா. பெண்ணாக்கும், ஏதோ தெரியாம செஞ்சிட்டா. நீங்க பாத்து விடணும்."

ஒரு வார்த்தை போதும். மருத்துவமனைக்கு ஒரு போன் போட்டால் அவள் அன்று எங்கே இருந்தாள் என்பது தெரிந்துவிடும். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் முன்பின் தெரியாத ஒருவர் முன்னால் பெற்றவளைப் பொய்க்காரி என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. தம்பிமேல் உள்ள பாசமும் இல்லை, தியாகமும் இல்லை. வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

"ஆமா சார்" என்றாள்.

வெளியே வந்ததும் அம்மா அவள் தோளைத் தொட்டாள். "அவனுக்க மேல கேஸ் விழுந்தா கத்தாருக்குப் போவ முடியாதுல்லா மக்கா? ஒனக்கு இப்போ எங்க போவணும்?"

"எனக்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியளாம்மா?"

"கேட்டா நீ சம்மதிக்க மாட்டேன்னு அவன் சொன்னான்."

சபிதா தோளை விலக்கிக்கொண்டு அடுத்த பேருந்தில் தனியாக ஏறினாள்.

வழக்கு நீதிமன்றத்துக்குப் போய் அபராதத்தோடு முடிந்தது. டிரோன் திரும்பி வரவில்லை. பத்திரிகையில் பெயரோடு செய்தி வந்ததால் மருத்துவமனை அவளைக் கூப்பிட்டு எச்சரித்தது. ஸ்ரீஜித்துக்கு நற்சான்றிதழ் கிடைத்தது. விமான நிலையத்துக்குக் கிளம்பும்போது அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டான். மன்னிப்பு என்ற சொல்லை மட்டும் அவன் எடுக்கவில்லை.

அதையும்கூட அவள் விழுங்கியிருப்பாள். விழுங்க முடியாதது பின்னால் வந்தது. வீட்டுக்கு வருகிறவர்களிடம் அம்மா அதே கதையைச் சொன்னாள். முதலில் தயங்கித் தயங்கி, பிறகு சரளமாக, கடைசியில் தானே கண்ணால் கண்டதுபோல. ஒருநாள் பார்வதிபுரத்துச் சித்தி வந்திருந்தாள். சபிதா காப்பி கொண்டுவந்தாள்.

"இவ பறத்தின வினைக்கு எனக்க மகனுக்க வேலையில்லா போவப் பாத்தது" என்றாள் அம்மா. அவள் குரலில் நடிப்பே இல்லை.

சபிதா தட்டை மேசைமேல் வைத்தாள். "சித்தி, பறத்தினது ஸ்ரீஜித்தாக்கும். அன்னைக்கு நான் டூட்டியில இருந்தேன். அம்மைக்கும் தெரியும்."

சித்தி அம்மாவைப் பார்த்தாள். அம்மா, "அதெல்லாம் இப்போ எதுக்குட்டி எடுக்க?" என்றாள். இல்லை என்று சொல்லவில்லை.

அந்த மாதமே சபிதா தக்கலையில் மருத்துவமனைக்குப் பின்புறத் தெருவில் ஒரு அறை பார்த்துக் குடிபோனாள்.

சில வாரங்கள் கழித்து, ஓய்வு நாளொன்றில் அம்மா தேடி வந்தாள். கையில் ஏத்தங்காய் வறுத்த உப்பேரிப் பொட்டலம். வேர்த்து ஊற்றியது. சபிதா மின்விசிறியைப் போட்டுத் தண்ணீர் கொடுத்தாள். மனசு கொஞ்சம் இளகத்தான் செய்தது. இந்த வெயிலில் பேருந்தில் நின்றுகொண்டு வந்திருக்கிறாளே.

அம்மா தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னாள்: "ஸ்ரீஜித்துக்கு ஒரு கல்யாண ஆலோசனை வந்திருக்கு மக்கா. சித்தி வழியிலுள்ள பெண்ணாக்கும். நீ அன்னைக்குச் சொன்னத சித்தி பெண்ணு வீட்டுல போயி சொல்லியிருக்கா. நீ ஒரு போன் போட்டு, கோவத்துல சும்மா சொன்னேன்னு மட்டும்…"

சபிதா பொட்டலத்தை எடுத்து அம்மாவின் பைக்குள்ளேயே வைத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"வாங்கம்மா. மூணு மணி பஸ்ஸ விட்டா பொறவு கூட்டம் கூடிரும். ஸ்டாண்டு வரைக்கும் கொண்டு விடுகேன்."

பேருந்தில் ஜன்னலோரம் இடம் பிடித்து அம்மாவை உட்கார வைத்தாள். வண்டி கிளம்பும் மட்டும் அம்மா, "போன் போடுவியா? போடுவியா மக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். சபிதா போடவில்லை.