குங்குமம் வைத்த புது டிரான்சிஸ்டர்

தங்கையின் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு நான் வாங்கிக் கொடுத்த டிரான்சிஸ்டர், இரண்டாவது மாதமே மௌன விரதம் பூண்டது. நான் அப்போது கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பெனி ஒன்றில் வேலையில் இருந்தேன். தங்கை வாழப்போன இடம் எளாவூர். ரேடியோ ஊமையானதும் அவள் மாமியாருக்குக் குரல் திறந்துவிட்டது. "ஊமைப் பொட்டியக் குடுத்து ஏமாத்திட்டான் உங்க அண்ணன்" என்று காலை, மதியம், இரவு மூன்று வேளையும் ஒலிபரப்பு. போய்ப் பார்த்துவிட்டு வந்த அம்மா, பெண் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று அழுதாள்.

கடைக்காரர் கனவான். கியாரண்டி இருப்பதை மறுக்கவே இல்லை. நடையாய் நடக்க மட்டும் விட்டார். கடைசியில், "இந்தா, கம்பெனிலேர்ந்து வந்த புத்தம் புதுசு. சீல் கூட ஒடைக்கல" என்று அட்டைப்பெட்டியை நீட்டினார். சீலைத் தொட்டேன். கம்பெனி போட்ட பசை என் விரலில் ஈரமாக வந்தது.

பிரித்தால், திருகாணித் தலைகள் எல்லாம் கீறிப்போயிருந்தன. அதைக்கூட விடுங்கள். ஸ்பீக்கர் வலையின் மூலையில் சந்தனமும் குங்குமமும் காய்ந்து கிடந்தன. யார் வீட்டிலோ ஆயுத பூஜை கொண்டாடிவிட்டு வந்திருக்கிறது புத்தம் புதுசு.

"இன்னாங்க இது?"

"அதுவா? கம்பெனிலயே பூஜை போட்டுத்தான் அனுப்புவாங்கோ."

"ஒவ்வொரு ரேடியோவுக்குமா?"

"சாமி விசயத்துல கேலி பேசாதப்பா. பாடுதா, இல்லியா?"

பாடித் தொலைத்தது. மாற்றிக் கொடுங்கள் என்றேன். ஆனால் வேறு பெட்டி இல்லை என்று கையை விரித்துவிட்டார். குங்குமத்தைத் துடைத்துப் பார்த்தேன். வலைக்குள் இறங்கியது வரவில்லை. அப்படியே எளாவூருக்கு எடுத்துப் போனேன்.

மாமியார் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல் நேராகக் குங்குமத்தில் போய் நின்றது. போச்சு மானம் என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"இப்பதான் மொறையா செஞ்சிருக்கான். போன வாட்டி பொட்டு கூட வெக்காம மொட்டையா குடுத்தா, அது எப்பிடிப் பாடும்?" என்று தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்குக் காபி வந்தது. நிஜமான புதுசு கொடுத்த அன்று தண்ணீர் கூட வரவில்லை.

வழியனுப்ப வாசலுக்கு வந்த தங்கை, "பழசுதானே அண்ணா?" என்றாள் மெதுவாக.

நான் குனிந்து செருப்பை மாட்டினேன்.

"பாத்ததுமே தெரிஞ்சிச்சு. நீ யார்கிட்டயும் சொல்லிக்கினு இருக்காத. அது பாடற வரிக்கும் நான் நிம்மதியா சோறு துன்னுவேன்."