ஞாயிற்றுக்கிழமை முகம்

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. வீட்டில் நிலைத்தது ‘அலங்காரம்’தான். நாலு வயதில் அப்பாவின் செருப்புகளை ஒன்றின் மேல் ஒன்றாகச் சாய்த்து, வார் இடுக்கில் பூவைச் செருகி வாசலில் வைத்தாளாம். வேலைக்கு நேரமாகிப் பறந்துகொண்டிருந்த அப்பா, ஒற்றைக் காலில் நின்று பூவைப் பிடுங்கியபடி வைத்த பெயர் அது. கிண்டலுக்கு வைத்தது, ஒட்டிக்கொண்டது.

பிற்பாடு அதுவே பிழைப்பாகவும் ஆயிற்று. ஒரு நாளிதழின் ஞாயிறு இணைப்பில் கடைசிப் பக்கம் அவளுடையது. உடுப்பு, சாப்பாடு, பயணம், கைவேலை, வீடு என்று ஐந்து பெட்டிகள். வாரம் தவறாமல் ஐந்தையும் நிரப்ப வேண்டும். கடையில் வாங்கச் சொல்லக் கூடாது, கண்ணில் படுவதிலிருந்தே எடுக்க வேண்டும் என்பது அவளே போட்டுக்கொண்ட விதி. பேருந்தில் முன்னால் நிற்பவர் சட்டைக் கையை மடித்திருக்கும் விதம் ஒரு பெட்டிக்கு ஆகும். யாரோ தெருவில் எறிந்த ஏணி அடுத்த வாரம் துண்டு காயப்போடும் சட்டமாகிவிடும். சொந்தக்காரர்கள் வீட்டுக்குப் போனால், “அலங்காரம் வரா, குப்பைத் தொட்டியை உள்ள எடுத்து வைங்க, பேப்பர்ல போட்டுடுவா” என்று சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள், சிரித்துக்கொண்டே கண்ணை மேயவிடுவாள். எதைப் பார்த்தாலும் இதை எப்படி வைத்தால் நன்றாயிருக்கும் என்றுதான் அவளுக்குத் தோன்றும். இது என்ன, ஏன் இப்படி இருக்கிறது என்று தோன்றாது. நாற்பத்தாறு வயது வரை அதனால் யாருக்கும் நஷ்டமில்லை.

அவளுக்கு இருந்தது ஒரே அக்கா. அத்தான் போய்ப் பத்து வருஷமாகிவிட்டது. அக்கா ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் தட்டச்சு செய்து மகனைப் படிக்க வைத்தாள். அவன் கப்பலில் இயந்திரப் பயிற்சிக்குப் போயிருந்தான். குறிப்பிட்ட மாதங்கள் கடலில் கழித்தால்தான் தேர்வு எழுத விடுவார்கள். அவன் கப்பலேறிய மூன்றாம் மாதம் அக்காவின் வயிற்றில் கட்டி என்றார்கள். ஆறு மாதம், கூடினால் எட்டு என்று டாக்டர் சொன்னபோது, அக்கா முதலில் விரல் விட்டு எண்ணியது மகனுக்கு மிச்சமிருந்த மாதங்களைத்தான். ஏழு.

“அவனுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா அடுத்த துறைமுகத்துலயே இறங்கிடுவான். இத்தனை நாள் பட்ட பாடெல்லாம் வீணாப் போயிடும்.”

“வாரா வாரம் போன்ல முகத்தைப் பாப்பானே அக்கா?”

“அதுக்குத்தானே நீ இருக்கே?”

அலங்காரம் தன் வாடகை வீட்டைப் பூட்டிவிட்டு அக்காவோடு வந்து தங்கினாள். ஞாயிறு மதியம் கப்பலிலிருந்து வீடியோ அழைப்பு வரும், பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்துக்கு வெள்ளிக்கிழமையே வேலை ஆரம்பமாகிவிடும். முடி கொட்டியதும் பழைய பருத்தித் துணிகளைக் கிழித்து, வாரம் ஒரு நிறத்தில் தலைக்கட்டு தைத்தாள். முன்பக்கம் ஒரு முடிச்சு, காதோரம் தொங்கும் ஒரு நுனி. “அம்மா, என்ன ஸ்டைல் இது?” என்று அவன் சிரித்தான். முகம் வெளுத்தபோது, படத்தில் தெரியாத இடத்தில் அக்காவின் மடி மேல் ஆரஞ்சு நிறத் துணியை விரித்தாள். ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டு முகத்தில் ஏறினால் ரத்தம் ஓடுவதுபோல் இருக்கும். ஞாயிறுப் பக்கத்துக்குப் படம் எடுத்துக் கற்றுக்கொண்ட வித்தை. கட்டிலைத் தள்ளிவிட்டுச் சாப்பாட்டு மேசையை ஜன்னலுக்குக் கொண்டுவந்தாள். மேசையில் வெட்டிய பழம், ஆவி பறக்கும் சூப். அக்காவால் அதன் வாசனையைக்கூடத் தாங்க முடியாது, மூச்சை அடக்கிக்கொண்டு கரண்டியைப் பிடித்திருப்பாள். அழைப்பு முடிந்ததும் தங்கை சூப்போடு சமையலறைக்கு ஓட வேண்டும்.

ஒரு ஞாயிறு ஆஸ்பத்திரியிலேயே இருக்கும்படி ஆயிற்று. அலங்காரம் அசரவில்லை. சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு கேன்டீனுக்குப் பின்னால் போய், அங்கிருந்த நாலு பூந்தொட்டிகளை நெருக்கி வைத்து, அக்காவின் கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டினாள். ரெண்டு நாள் ஊர் சுற்ற வந்திருக்கிறோம், இது தங்கும் விடுதி என்று கதை. “என்னை விட்டுட்டு ஜாலியாப் போயிட்டியா?” என்றான் மகன். அழைப்பு முடிந்ததும் அக்காவும் தங்கையும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அக்கா பிடித்தது சிரிப்பால் மட்டுமில்லை. அந்தத் தொட்டிகளை அடுத்த ஞாயிறு ‘பயணம்’ பெட்டியில் போட்டாள் அலங்காரம், நல்ல வரவேற்பு. உண்மையைச் சொன்னால், அந்த மாதங்களில் அவள் பக்கம் முன்னெப்போதையும்விட நன்றாக வந்தது.

டாக்டர் சொன்ன கணக்குத் தவறியது. ஐந்தாம் மாதமே அக்கா படுத்துவிட்டாள். அந்தச் சமயத்தில் மகனிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. புதன்கிழமை கப்பல் துறைமுகம் சேர்கிறது, மாற்று ஆள் ஒருவர் வருகிறார், ஒரே ஒருவர் வீட்டுக்குப் போகலாம் என்கிறார்கள். விட்ட மாதங்களை வேறு கப்பலில் ஈடுகட்டலாமாம். கூட வேலை செய்பவனுக்கு மனைவி பிரசவம், அவனும் கேட்கிறான். ஞாயிறு பேசி முடிவெடுப்போம் என்று எழுதியிருந்தான்.

அக்கா அதை மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

“எனக்கு அவனைப் பாக்கணும்டி.”

“சொல்லிடலாம் அக்கா. நான் வேணா இப்பவே எழுதட்டுமா?”

“எழுத வேணாம். நடுக்கடல்ல தனியா உக்காந்து படிப்பான். என் வாயாலயும் வராது, அவன் குரலைக் கேட்டா பொய்தான் வரும். இந்த ஞாயிறு நீ எதுவும் பண்ணாதே. துணி வேணாம், மேசை வேணாம். நான் இருக்கிற மாதிரியே போனைக் காட்டு. அவனாப் பாத்துத் தெரிஞ்சுக்கட்டும்.”

“சரி அக்கா.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

பொய்ச் சத்தியமில்லை. சனிக்கிழமை முழுக்க அவள் அந்த அறையில் ஒரு சாமானையும் தொடவில்லை. ஞாயிறு மதியம் அழைப்பு வந்ததும், எடுப்பதற்கு முன் போனைத் தாங்கியில் நிறுத்திக் கேமராவைத் திறந்து பார்த்தாள். பழக்கம். திரையில் தெரிந்ததை அவள் கண் தாங்கவில்லை. கட்டிலோரம் வாந்திப் பாத்திரம். மாத்திரை அட்டைகள் சரிந்து கிடந்தன. டியூப் லைட்டின் கீழே மொட்டைத் தலை, மஞ்சள் பூத்த கண், ஒட்டிப்போன கன்னம். ஐந்து மாதம் பக்கத்திலேயே இருந்து கழுவித் துடைத்த உடம்புதான். ஆனால் உள்ளபடியே அதைக் கேமராவின் சட்டத்துக்குள் பார்த்தது அன்றைக்குத்தான்.

பாத்திரத்தை மட்டும் எடுத்துவிடலாம் என்று குனிந்தாள். எடுத்த கை மாத்திரைகளையும் தள்ளியது. டியூப் லைட்டை அணைத்து ஜன்னல் திரையைப் பாதி விலக்கியது. மணி அடித்துக்கொண்டே இருந்தது. “தலையில காத்துப் படுது அக்கா” என்று சொல்லிக்கொண்டே தலைக்கட்டைச் சுற்றினாள், முன்பக்கம் முடிச்சு, காதோரம் நுனி. ஆரஞ்சுத் துணி எங்கிருந்து கைக்கு வந்தது என்றே தெரியவில்லை. எல்லாம் ஒரு நிமிஷம்கூட இல்லை. அவ்வளவு வேகமாக அவள் எந்தப் படத்துக்கும் வேலை செய்ததில்லை. அக்கா ஒரு கையைத் தூக்கப் பார்த்தாள், முடியவில்லை. அதற்குள் அலங்காரம் அழைப்பை எடுத்தாள், மகன் திரையில் வந்துவிட்டான்.

“அம்மா, போன வாரத்துக்கு இந்த வாரம் தேவலை. முகம் தெளிவா இருக்கு.”

அக்கா தன் மகனைப் பார்த்தாள். பிறகு திரையின் மூலையில் சின்னதாகத் தெரிந்த தன்னையே பார்த்தாள்.

“ஏன் படுத்திருக்கே?”

“சும்மாதான். மதியத் தூக்கம்.”

“புதன்கிழமை விஷயம் என்ன பண்ணலாம்? நீ வான்னா வரேன். ஆனா அவன் பாவம்மா, முதல் குழந்தை.”

அக்கா கண்ணைத் திருப்பித் தங்கையைப் பார்த்தாள். போனுக்கு இந்தப் பக்கம் நின்ற அலங்காரத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்தத் தலைக்கட்டைப் பிடித்து இழுத்திருந்தால் போதும். இழுக்கவில்லை.

“அவனையே அனுப்புப்பா,” என்றாள் அக்கா.

அழைப்பு முடிந்தது. அலங்காரம் கட்டிலோரம் உட்கார்ந்து, திரும்பக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று அழுதாள். கப்பல் சிக்னலை விட்டுப் போயிருந்தது. குறுஞ்செய்தியாவது அனுப்புகிறேன் என்றாள். அக்கா வேண்டாமென்று தலையசைத்தாள். வாக்குக் கொடுத்தாகிவிட்டது, அந்தப் பெண் வயிற்றைச் சுமந்துகொண்டு காத்திருப்பாள். கோபமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. “அழகாத்தான் பண்ணினே” என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம்.

பதினோராம் நாள் காலையில் அக்கா போய்விட்டாள். செய்தி கிடைத்து, எல்லாம் முடிந்த ஐந்தாம் நாள்தான் அவன் வந்து சேர்ந்தான், பெட்டியைக்கூடத் திறக்காமல் அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்தான். அலங்காரம் எதையும் மறைக்கவில்லை. ஆரஞ்சுத் துணி, சூப், பூந்தொட்டி, கடைசி ஞாயிறு அந்த ஒரு நிமிஷம், எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னாள். அடிப்பான், குறைந்தபட்சம் வெளியே போங்கள் என்பான் என்று எதிர்பார்த்தாள். அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

“அம்மா ரொம்ப இளைச்சுட்டாங்களா சித்தி?”

“ரொம்ப.”

“எனக்கு அது தெரியவே இல்ல. கண்ணை மூடினா நல்லா சிரிச்சுக்கிட்டு, தலையில துணி கட்டிக்கிட்டுத்தான் வராங்க. அவங்க செத்துட்டாங்கன்னு என் மனசு நம்பவே மாட்டேங்குது. நிஜமா அவங்க இருந்த மாதிரி ஒரு போட்டோ இருந்தாக் காட்டுங்க. ஒண்ணே ஒண்ணு போதும்.”

அலங்காரம் போனை எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஐந்து மாதத்தில் அக்காவை நானூறு படத்துக்கு மேல் எடுத்திருந்தாள். அவன் பார்க்கப் பார்க்க ஒவ்வொன்றாகத் தள்ளினாள். நீலத் தலைக்கட்டு, பச்சைத் தலைக்கட்டு, ஜன்னல் வெளிச்சம், வெட்டிய பழம், கறுப்புக் கண்ணாடி, சிரிப்பு. முதல் படம் வரை போய், மறுபடி கடைசியிலிருந்து ஆரம்பித்தாள்.

“அவசரமில்ல சித்தி, நிதானமாத் தேடுங்க” என்றான் அவன்.

அவள் தேடிக்கொண்டே இருந்தாள்.