புரட்டாசியில் பண்டுவின் தட்டு

ஏழுமலையை நான் முதலில் பார்த்தது புத்தூர் கால்நடை ஆஸ்பத்திரி வரிசையில். முன்னால் மூன்று ஆடு, ஒரு சினைப் பசு. அடுத்து இவர். நெற்றியில் பளிச்சென்று நாமம், கழுத்தில் துளசி மணி, காலடியில் செம்பட்டை நிறத்தில் ஒரு கிழட்டு நாய். மடியிலிருந்து, நாய்த்தீனி மூட்டையில் கத்தரித்து எடுத்த அட்டையை நீட்டினார்.

"படிச்ச புள்ள மாரி கீற. நாய் துன்னலன்னா இன்னா பண்றதுன்னு இதுல எங்கனா போட்டுக்கீதா, பாரு நைனா."

புரதம் இத்தனை, கொழுப்பு இத்தனை என்றுதான் மேலிருந்து கீழ்வரை இருந்தது. தின்னாத நாயைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

"அப்ப கம்பெனிக்காரன் வூட்டு நாயிங்க எல்லாம் போட்டத துன்னுதுங்க போல" என்று அட்டையை வாங்கி மடித்துக்கொண்டார். வரிசை நகர்வதற்குள் பாதிக் கதையைச் சொல்லிவிட்டார். மீதி, பிறகு தெரிந்தது.

கார்வேட்டிநகரத்துப் பக்கம் ஸ்வர்ணலதா டீச்சரின் மாந்தோப்புக்கு அவர் காவல்காரர். டீச்சர் ஓய்வு பெற்று மகளோடு இருக்க ஐதராபாத் போனபோது, பதினோரு வயதான தன் நாய் பண்டுவை இவரிடம் விட்டுப் போனார். பண்டுவுக்கு அரிசிச் சோறு சேராது. தின்றால் உடம்பெல்லாம் சொறிந்து ரணமாக்கிக்கொள்ளும். அதனால் மாதம் ஒரு மூட்டை காய்ந்த தீனி பார்சலில் வரும். வந்த புதிதில் பண்டு அந்த உருண்டைகளை முகர்ந்து பார்த்துவிட்டு வேப்பமரத்தடியில் போய்ப் படுத்துக்கொண்டது. ஏழுமலை ஒன்றை எடுத்துத் தன் வாயில் போட்டு மென்றே பார்த்துவிட்டார்.

"மரத்தூள உருட்டி வெச்ச மாரி கீது. அது மேல தப்பு இல்ல" என்றார் மனைவி வெங்கடலட்சுமியிடம்.

மறுநாள் கோழிக் கழுத்தையும் காலையும் வேகவைத்து, அந்தத் தண்ணீரைத் தீனி மேல் ஊற்றினார். தட்டு காலி. ஏழு மாதம் அப்படியே போனது. நாய்க்கு மயிர் மினுமினுத்தது.

பிறகு புரட்டாசி பிறந்தது. கறிச்சட்டி பரணுக்கு ஏறியது. மற்றவர்களுக்கு அது ஒரு மாத விரதம், ஏழுமலைக்கு அதற்கும் மேலே. அவருடைய அப்பா காலத்தில் அவர்கள் வீட்டு ஆட்கள் பஜனை கோயில் வாசலோடு நின்றுவிட வேண்டும். இவர் காலத்திலோ, மூன்றாம் சனிக்கிழமைக்குத் திருமலைக்கு நடந்து போகும் கோஷ்டியில் முன்னால் விளக்கு பிடித்தவரே ஏழுமலை. அதுவரை பதினாறு வருடமாக அந்த விளக்கு வேறு கைக்குப் போனதில்லை.

பண்டுவுக்கு இதெல்லாம் எங்கே தெரியும். நான்கு நாள் தட்டைத் தொடவில்லை. தயிர் ஊற்றிப் பார்த்தார், கழிச்சல் கண்டது. சாம்பார் ஊற்றினார், நாலு வாய் நக்கிவிட்டு வாந்தி எடுத்தது. அதன் பிறகுதான் ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரிக்கு வந்தது.

டாக்டர் சபீனா நாயின் தோலை இழுத்துப் பார்த்தார். "சாம்பாரா? நாய கொல்றதா ஏதாவது வேண்டுதலா தாத்தா? வெங்காயம் அதுக்கு விஷம். கிழ நாய்க்கு மூக்கு மங்கிடும். வாசனை வரலன்னா அதுக்கு அது சாப்பாடே இல்ல. தீனியில வெதுவெதுன்னு தண்ணி ஊத்தி பத்து நிமிஷம் ஊறவிடுங்க. முன்ன ஊத்துன கோழித் தண்ணியவே ஊத்துங்க, உப்பு போடாம."

"புரட்டாசி ஆச்சேம்மா."

"இன்னிக்கு ஊசி போட்டு அனுப்புறேன். ரெண்டு நாள்ல தானா சாப்பிடலன்னா இந்த வயசுல தாங்காது."

வீட்டுக்கு வந்து வெந்நீர் ஊற்றி ஊறவைத்தார். லேசாக வாசனை கிளம்பியது. பண்டு வந்து இரண்டு முறை நக்கியது, அவர் முகத்தைப் பார்த்தது, திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டது. ஏழுமலை தன் சாப்பாட்டையும் தள்ளி வைத்தார்.

"அது உன் மூஞ்சயே பாத்துக்கினு படுத்துங்கீது, நீ நெத்தி நாமத்த காட்டிக்கினு குந்து" என்றாள் வெங்கடலட்சுமி. "வூட்டுக்குள்ள வேணாம். வெளிய கல்லு கூட்டித் தரேன். கோழிக் கடைக்கு நீ போ. நான் போனா புருஷனுக்கு வாங்கறான்னுவாங்க."

முகம் தெரியாத புத்தூரில் போய் வாங்கலாமென்று நினைத்தார். ஆனால் விடிந்தபோது பண்டுவால் தலையைத் தூக்க முடியவில்லை. பஸ்ஸுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. துண்டு நுனியை நெற்றி வரை கொண்டுபோனார். நாமத்தைத் துடைக்கவில்லை. அப்படியே பஸ் நிறுத்தத்தில் இருந்த ஹேமநாத்தின் கோழிக்கடைக்கு நடந்தார்.

ஈ ஓட்டிக்கொண்டிருந்த ஹேமநாத் நிமிர்ந்தான். "இன்னா மாமா, வழி தப்பி வந்துட்டியா?"

"கழுத்து, காலு அரைக் கிலோ. நாய்க்கு."

"இந்த மாசம் வர்றவங்க எல்லாருமே நாய்க்குத்தான் கேக்கறாங்க. நேத்து ஒருத்தர் நாய்க்குன்னு லெக் பீஸா பொறுக்கிக்கினு போனாரு."

பக்கத்து டீக்கடையில் சிரிப்பு எழுந்தது. அங்கே உட்கார்ந்திருந்த கோஷ்டித் தலைவர் பாலசுந்தரம் மட்டும் சிரிக்கவில்லை. கிளாஸை வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

"கையில இன்னா, ஏழுமல?"

"கோழிக் கழுத்துண்ணா. பண்டு சாவக் கெடக்குது."

"வெளக்கு புடிக்கிற கை."

"தெரிஞ்சிதாண்ணா வந்தேன்."

பாலசுந்தரம் பையையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "சனிக்கிழம பாத்துக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

தோப்பில் மூன்று கல் கூட்டி வெங்கடலட்சுமி தீ மூட்டியிருந்தாள். வெந்ததும் எலும்பு ஒன்றுவிடாமல் வடிகட்டி எடுத்தார். விரல் வைத்துச் சூடு பார்த்து ஊற்றினார். ஊறுகிற பத்து நிமிஷமும் தட்டின் பக்கத்திலேயே குந்தியிருந்தார். பண்டுவின் மூக்குதான் முதலில் அசைந்தது. படுத்தபடியே இரண்டு உருண்டை தின்றது. பிறகு எழுந்து நின்று தின்றது. கடைசியில் வெறும் தட்டை நக்கி நக்கிச் சுவர் வரைக்கும் தள்ளிக்கொண்டு போனது. ஏழுமலை போர்வெல் தண்ணீரில் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் காலை வைத்தார்.

மூன்றாம் சனிக்கிழமைக்குக் கிளம்பிய கோஷ்டியில் விளக்கு வேறொருவர் கையில் இருந்தது. வராதே என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. கடைசி ஆளாக நடந்து, மலை ஏறிச் சேவித்துவிட்டு வந்தார்.

"கடைசியில நடந்தா ஒரு சௌகரியம், முதுகுக்குப் பின்னால பேச ஆளே இல்ல" என்று சொல்லிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு கொஞ்சம் சீக்கிரமே நின்றுவிடும்.

இப்போது ஏழுமலைக்கு ஐம்பத்தொன்பது வயது. அதே தோப்பில் காவல் இருக்கிறார். விளக்கு அவர் கைக்கு இன்னும் திரும்பவில்லை. பண்டுவுக்குப் பன்னிரண்டு முடிந்துவிட்டது. ஒரு கண் மங்கல். காலையும் மாலையும் வைத்ததைத் தின்கிறது.